பதினாலாயிரம் டொலரும் ஒரு யூனிட்டும்

"அண்ணை, வீடு வாங்க அரசாங்கம் சும்மா காசு குடுக்குதாம், உண்மையோ?" போன கிழமை ஒரு தம்பி போனில கேட்டான். உண்மைதான். நானும் வாங்கினனான். ஆனால் வெறும் 'ஓம்' எண்டு சொல்ல வாய் வரேல்லை.

அவுஸ்திரேலியாவில 2000 ஜூலை 1 ஜிஎஸ்ரி வரி வந்தது. வீட்டுவிலை கூடுமெண்டு, அதுக்கு ஈடா முதல் வீடு வாங்கிற ஆக்களுக்கு 7,000 டொலர் குடுக்கத் தொடங்கிச்சினம். 2008 ஒக்ரோபரில, உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்ட நேரம், அதைப் பழைய வீட்டுக்கு 14,000, புது வீட்டுக்கு 21,000 ஆக்கிச்சினம். 2009 ஜூன் 30க்குள்ள ஒப்பந்தம் எழுதவேணும்.

அந்த வருசம் ஏப்ரல், மே எப்பிடி இருந்ததெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகலில வீடு பாக்கிறது, இரவில வன்னிச் செய்தி. "இப்ப ஏனப்பா வீடு?" எண்டு மனிசி கேட்டா. என்னட்டை இருந்த ஒரே பதில் ஜூன் 30.

சிட்னி பென்டில் ஹில்லில ரெண்டு அறை யூனிட் ஒண்டு. ஏஜண்ட் கேட்ட முதல் கேள்வியே "இது உங்கட முதல் வீடோ?" நானும் பெருமையா ஓமெண்டு தலையாட்டினன். வெளியில வந்த உடனை மனிசி பிடிச்சா. "ஏன் உதைச் சொன்னனீங்கள்? சீதனக்காசு எவ்வளவெண்டு தெரிஞ்சாப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் குறைச்சுக் கேப்பினமோ?"

அவ சொன்னதுதான் நடந்தது. யூனிட் பாக்க வந்த சனத்தில முக்கால்வாசி எங்களைப் போலத்தான், எல்லாரிட்டையும் அதே 14,000. வங்கி பத்து வீதம் கைக்காசு கேட்டால், 14,000 கூட வைச்சிருக்கிறவர், சம்பளம் இடம்குடுத்தால், 140,000 விலைகூடின வீட்டையும் எட்டிப் பாக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில எட்டினால் விலை எங்கை நிக்கும்? முதல் சொன்ன விலைக்கு மேல 12,000 குடுத்து வாங்கினம். மிச்சம் 2,000 எங்களுக்கு!

கையெழுத்து வைச்சு ஒரு கிழமை போகேல்லை, மே 12 பட்ஜெட்டில முழுத்தொகைக்கான காலத்தைச் செப்டெம்பர் கடைசிவரை நீட்டிப்போட்டினம். அந்த ஓட்டம் தேவையில்லாத ஓட்டம். ஆனாலும் அந்தக் காசில்லாமல் எங்களிட்டைக் கைக்காசு சேர்ந்திராது, அதையும் ஒத்துக்கொள்ளவேணும். நன்றிகெட்டவன் எண்டு ஆரும் எழுதாதேங்கோ.

இப்ப நியூ சவுத் வேல்ஸில 10,000 தான், அதுவும் புது வீட்டுக்கு மட்டும். விலை 600,000 தாண்டக்கூடாது, காணி வாங்கிக் கட்டினால் 750,000. சிட்னியில அந்த விலைக்குப் புது வீடு தேடிப் பாருங்கோவன். பத்திரவரி விலக்குத்தான் உண்மையில பெரிசு. 800,000 வரைக்கும் முதல் வீட்டுக்கு அந்த வரி இல்லை, பழைய வீடெண்டாலும் சரி.

இதெல்லாத்தையும் தம்பிக்கு விளங்கப்படுத்தினன். அவன் 2012இல வள்ளத்தில வந்தவன். 2023இல தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. வழக்கு நிராகரிக்கப்பட்டு பிரிட்ஜிங் விசாவில நிக்கிற இவனுக்கு அதுவும் இல்லை. இந்தக் காசுக்கோ குடியுரிமை வேணும், இல்லாட்டி நிரந்தர வதிவிடம் வேணும்.

"அப்ப எனக்கு இல்லை, என்ன அண்ணை?"

"இல்லையடா."

அவன் ரைல்ஸ் பதிக்கிறவன். மார்ஸ்டன் பார்க்கில ஒரு புது வீட்டுக் குளியலறைக்குள்ள நிண்டுகொண்டுதான் கதைச்சவன். பின்னால ரைல் வெட்டுற சத்தம். "சரி அண்ணை, இண்டைக்கு இதை முடிச்சுக் குடுக்கோணும்" எண்டு போனை வைச்சான்.