ஒற்றைக் கால் மேஜை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு நான்கு கால்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். சாப்பிடுகிறவர்கள் ஆறு பேர். இடமோ நாலு பேருக்கு. மிஞ்சிய இருவர் மூலையில் உட்கார்ந்து, மேஜைக் காலை முழங்கால்களுக்கு நடுவே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்த இருவரில் ஒருத்தி எப்போதும் அம்மா. முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாமல் போன பிறகுதான் அவள் மேஜைக்கே வந்தாள். கொஞ்ச நாளில், "நீங்கள் சாப்பிடுங்கள், நான் அப்புறம்" என்று சொல்ல ஆரம்பித்தாள். பழைய காலத்து வழக்கம் என்று நானும் இருந்துவிட்டேன். அவள் முழங்கால் ஓரம் கன்றிக் கிடந்ததை ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

ஏரோ சாரினென் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், மேஜை நாற்காலிகளின் அடியில் கால்கள் நெரிவதைச் சகியாமல், 1957-இல் ஒற்றைத் தண்டு மேஜையைக் கொண்டுவந்தார். அதன் படத்தில் மயங்கி நானும் ஒன்று வரைந்தேன். 48 அங்குல வட்டப் பலகை, நடுவில் ஒரு தண்டு, அடியில் 20 அங்குலக் குறுக்குப் பாதம். எல்லாம் தேக்கு.

ஆசாரி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பாதம் போதாது சார். 36 அங்குலமாவது வேணும்."

"அழகு போய்விடுமே!"

"அழகு நிற்கும் சார், மேஜை நிற்காது."

நான் கேட்கவில்லை. மேஜை வந்த அன்று அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். எழுந்திருக்கும்போது விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். மேஜை அவள் பக்கம் சாய்ந்தது. ரசப் பாத்திரம் மடியில் விழுந்தது. நல்ல வேளை, ரசம் ஆறியிருந்தது. "நான்தான் பார்த்து எழுந்திருக்கவில்லை" என்றாள் அம்மா. அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அமெரிக்கருடைய மேஜைக்கு அடிப்பாகம் உலோக வார்ப்பு. அந்தக் கனமே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மரத்துக்கு அகலந்தான் பலம். இது ஆசாரிக்குத் தெரிந்திருந்தது.

அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் புதுப் பாதம் செய்தார். இரண்டு சட்டங்களை நடுவில் பாதிப் பாதி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று குறுக்காக அமர்த்தினார். தண்டின் அடியில் நாக்குச் செதுக்கி, சட்டத்தில் குடைந்த துளையில் இறக்கினார். நான்கு நுனிகள் மட்டும் தரையைத் தொடும்படி அடியை வளைவாக அறுத்தார். பலகையை மாட்டும் திருகாணித் துளைகளை நீளவாக்கில் விட்டார். "மழைக்காலத்தில் பலகை ஊதும் சார், அதுக்கும் இடம் கொடுக்கணும்."

போகும்போது, ஒரு பாதத்தை அம்மாவின் நாற்காலிக்கு நேராகத் திருப்பி வைத்தார். "இரண்டு பாதத்துக்கு நடுவிலேதான் மேஜைக்குப் பலம் குறைச்சல். பெரியம்மாவுக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும்."

அன்று இரவு அம்மா விளிம்பில் கை வைத்தவள், ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தாள்.

"நன்றாக ஊன்றிக்கொள் அம்மா" என்றேன்.

ஊன்றி எழுந்தாள். மேஜை அசையவில்லை. அதற்கப்புறம் அவள் "நான் அப்புறம்" என்று சொல்லிக் கேட்டதில்லை.