பெட்டியும் கம்பியும்

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. வேதாரண்யத்தில் தம்பி வீட்டில் எங்கள் அம்மா இருந்தார்கள். தஞ்சையில் இருந்த நாங்கள் அவர்களுடைய குரலைக் கேட்க மூன்று நாள் தவித்தோம். தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்து கிடந்தன, சாலையெங்கும் மரங்கள். நான்காம் நாள் தம்பியே நேரில் வந்து, "எல்லாரும் சுகம், அண்ணா, ஓடுகள்தாம் போயின" என்ற பிறகே எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

அந்தத் தவிப்பே எங்களை அமெச்சூர் வானொலியின் பக்கம் திருப்பியது. நாங்கள் இருவரும் தம்பியும் அரசுத் தேர்வெழுதி உரிமம் பெற்றோம். உரிமம் இன்றி இக்கருவியில் பேசுவது குற்றம் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க.

அடுத்து, கருவி வாங்கும் படலம். கையிருப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டு 100 வாட் பெட்டி ஒன்றை வாங்கினோம். ஏரியலுக்குப் பணம் போதவில்லை. ஏதோ ஒரு கம்பியை வீட்டுக்குள்ளேயே சுவரோரமாக ஓட்டினோம். எவ்வளவு அழைத்தும் தம்பிக்கு எங்கள் குரல் எட்டவில்லை. பார்க்க வந்த மூத்த அன்பர் ஒருவர் சிரித்து, "பெட்டி பேசாது, கம்பிதான் பேசும்" என்றார்.

அவர் சொற்படி 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் செப்புக் கம்பியை மொட்டைமாடிக் கழிக்கும் தென்னைக்கும் இடையே கட்டினோம். கம்பி மிக உயரமாக இருக்கவேண்டியதில்லை. ஆறேழு மீட்டர் உயரத்தில் கட்டினால் அலைகள் மேல்நோக்கிச் சென்று, வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, அண்டை மாவட்டங்களில் இறங்கும். தஞ்சைக்கும் வேதாரண்யத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். பகல் வேளையில் இம்முறை அதற்குப் பொருத்தம். முதல் நாளே தம்பியின் குரல் தெளிவாக வந்தது. அருகில் நின்ற அம்மாவின் இருமலும் கேட்டது!

மின்சாரம் நின்றாலும் கருவி நிற்கலாகாது. ஆகவே வீட்டில் 12 வோல்ட் பாட்டரி ஒன்றை எப்போதும் மின்னேற்றி வைத்திருக்கிறோம். இடி முழங்கும்போது ஏரியல் இணைப்பைக் கழற்றிவிடுகிறோம்.

காருக்கு வேறு கருவி. ஊருக்குள் பேச 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை போதும். அரை மீட்டர் ஏரியலைக் கூரையின் நடுவில் பொருத்தினோம். கீழுள்ள இரும்புத் தகடே அதற்கு மறுபாதியாக உதவுகிறது. இதிலும் ஒரு தவறு செய்தோம். சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து மின்சாரம் எடுத்தோம். பேசத் தொடங்கியதும் பியூஸ் போயிற்று. 50 வாட் கருவி பத்து ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். இப்போது பாட்டரியிலிருந்தே தடித்த கம்பி வருகிறது. பாட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்கிறது.

ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தம்பியை அழைக்கிறோம். பேச்சு ஐந்து நிமிடமே. "அம்மா மருந்து சாப்பிட்டார்களா?" என்று கேட்போம், "சாப்பிட்டார்கள்" என்று பதில் வரும். அடுத்த புயல் எப்போது வருமோ, அறியோம். அன்றும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே இவ்வளவும்.