ஆறு ஃபிரேம்

மார்ச் 6, 2024, புதன். பெங்களூரு

காலை பத்தே காலுக்கு வேலை போயிற்று. காலண்டரில் 'சின்ன அப்டேட்' என்று கால் மணி நேரத்துக்கு ஓர் அழைப்பு. ஸ்டுடியோ தலைவர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். எச்.ஆர். பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. பேசி முடிப்பதற்குள் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டாள். டிசைன் டீமில் பாதிக்கு மேல் இன்றோடு சரி. கேம் நிற்கவில்லை. அது அதன்பாட்டுக்கு வருடக் கடைசியில் வரும். டிசைன் வேலை அநேகமாக முடிந்துவிட்டது, இனி பிழை திருத்தம், சோதனை, விளம்பரம்தான், அதனால் 'ரோல் இல்லை' என்றார்கள். பாயசம் இறங்கியதும் பந்தி தொடங்குவதற்கு முன் தவசிப்பிள்ளையை வாசல் வழியாக அனுப்பிவிடுவது மாதிரி.

பதினொன்றுக்கு ஸ்லாக் மூடிக்கொண்டது. கூட வேலை பார்த்த ர.வுக்கு ஒரு மெசேஜ் டைப் செய்துகொண்டிருந்தேன், பாதியில் போய்விட்டது. மூன்றாவது லெவலில் ஓர் ஏணி சுவருக்குள் அரை அடி புதைந்து நிற்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன். இனி யார் கண்ணில் படுமோ.

சாயங்காலம் கீழ்க்கடையில் இந்த நோட்டை வாங்கினேன். இதை யாரும் ரிமோட்டில் மூட முடியாது.

மார்ச் 8

தண்ணீர் லாரி வரவில்லை. எழுத வேறொன்றுமில்லை.

மார்ச் 11, திங்கள்

ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே வரியைச் சொல்கிறார்கள்: நீ மட்டும் இல்லை. ஒருத்தர் பட்டியலே அனுப்பினார். ஜனவரியில் யூனிட்டி 1,800 பேர், ரயட் 530, மைக்ரோசாஃப்டின் கேம் பிரிவில் 1,900. பிப்ரவரிக் கடைசியில் சோனி 900, மறுநாளே ஈ.ஏ. ஏறக்குறைய 670. படித்துப் பார்த்ததில் பாரம் ஒன்றும் இறங்கவில்லை. அடுத்த வேலைக்கு வரிசையில் எனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

காரணமும் எல்லோருக்கும் மனப்பாடம். கொரோனாவில் வீட்டுக்குள் அடைபட்ட உலகமே விளையாடியது, வட்டியும் மலிவு, அந்தக் கூட்டம் அப்படியே நிற்கும் என்று நம்பி ஆள் எடுத்தார்கள். நிற்கவில்லை. நம்பியவர்களின் நாற்காலி எங்கேயும் ஆடினதாகத் தெரியவில்லை.

மாடி ஆன்ட்டி காரைக் கழுவிக்கொண்டிருந்தார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டிருக்கிறதே என்றேன். "இது நேத்து துணி அலசின தண்ணி" என்றார். இந்த ஊரில் இப்போது நிம்மதியாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

மார்ச் 15

நீ அங்கே என்னதான் செய்தாய் என்று அம்மா போனில் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். கதை எழுதவில்லை, படம் வரையவில்லை, புரோகிராம் எழுதவில்லை. பிறகு?

அவளிடம் சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஒரு எக்ஸெல் ஷீட், அதில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் 6 என்ற எண். அதுதான் நான் செய்தது.

எங்கள் கேம் விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும். மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி தாவுகிற ஒருத்தி. (இதுகூட வெளியே சொல்லக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.) விளிம்பை நோக்கி ஓடிவந்து, இப்போது தாவலாம் என்று ஆடுகிறவர் பட்டனை அழுத்துகிறார். பெரும்பாலானோர் கொஞ்சம் தாமதமாகத்தான் அழுத்துவார்கள். அவள் கால் அதற்குள் விளிம்பைத் தாண்டியிருக்கும். கணக்குப்படி அவள் அந்தரத்தில் இருக்கிறாள், அந்தரத்திலிருந்து உந்தித் தாவ முடியாது, விழ வேண்டும். ஒளிவுமறைவில்லாமல் புரோகிராம் எழுதினால் விழத்தான் செய்வாள். ஆடுகிறவரோ, சரியாகத்தானே அழுத்தினேன் என்று கன்ட்ரோலரைத் திட்டுவார்.

அதனால் ஒரு சலுகை கொடுப்போம். கால் தரையை விட்ட பிறகும் சில ஃபிரேம் வரை அவள் தரையில் நிற்பதாகவே வைத்துக்கொள்வது. தொழிலில் இதற்குக் காயோட்டி டைம் என்று பெயர். ரோட் ரன்னர் கார்ட்டூனில் அந்த நரி மாதிரியான மிருகம் மலை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் ஓடுமே, கீழே குனிந்து பார்க்கிறவரை விழாதே, அதை வைத்து.

எத்தனை ஃபிரேம் என்பதுதான் கேள்வி. மடிவாளாவிலிருந்து ஒரு காலேஜ் பையனைச் சோதனைக்குக் கூட்டிவந்திருந்தோம். மூன்று ஃபிரேமில் வைத்தபோது கன்னடத்தில் ஒரு வார்த்தை சொன்னான், அதை ரிப்போர்ட்டில் எழுத முடியவில்லை. பத்தில் வைத்தபோது, "காத்துல நிக்கிறாளே, பேயா?" என்றான். ஆறில் ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த மாடி, அதற்கடுத்த மாடி என்று போய்க்கொண்டே இருந்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. தான் பிந்தி அழுத்தியது அவனுக்குத் தெரியவே இல்லை. தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "ஒரு நம்பர் போட்டேன்மா" என்றா?

மார்ச் 22

காகிதங்கள் வந்தன. சம்பளம் மே 5 வரை வரும். வேலை 6-ஆம் தேதியே இல்லை. நடுவில் நான் கம்பெனி ஊழியர்தானாம், ஆனால் கம்பெனி வாசலில் கார்டு வேலை செய்யாது.

குரூப் இன்ஷூரன்ஸ் கடைசி நாளோடு முடிகிறது. அம்மாவின் முட்டி ஆபரேஷனை ஜூனில் வைத்திருந்தோம். கிராஜுவிட்டி 1972-ஆம் வருடச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருப்பதாக வக்கீல் தோழி சொன்னாள். எண்ணிப் பார்த்தோம். அதற்கும் சில வாரம் குறைகிறது. இந்த எண்ணிக்கையை எனக்கு முன்னால் வேறு யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் ஃபைலை மூடிய விதத்தில் தெரிந்தது.

ஏப்ரல் 2

இன்டர்வியூ. புனே கம்பெனி, வீடியோவில். கடைசியாக ரிலீஸான கேம் எது என்றார்கள். இன்னும் ரிலீஸாகவில்லை என்றேன். செய்த லெவலைக் காட்ட முடியுமா என்றார்கள். ரிலீஸாகும்வரை ஒரு ஸ்கிரீன்ஷாட்கூடக் காட்டக்கூடாது என்று ஒப்பந்தம். பெயராவது? பெயரும் சொல்லக்கூடாது. அவர்களுக்கும் இது பழக்கம்தான், தலையாட்டினார்கள். ரிலீஸாகாமலே ரத்தானால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. பல வருஷ உழைப்பு, ரெஸ்யூமேயில் 'அறிவிக்கப்படாத புராஜெக்ட்' என்று ஒரு வரி.

ஏப்ரல் 5

நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 20, சனி. சிவகாசி

ஓட்டுப் போட ஊருக்கு வந்தேன். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கக்கூஸ் வாசல்வரை கூட்டம். விருதுநகரில் இறங்கி பஸ்.

அப்பா இந்த ஒன்றரை மாதமாக என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று ஓட்டுப் போட்டுவிட்டு வரும் வழியில் சுவரோரம் கிடந்த தேர்தல் நோட்டீஸைக் குனிந்து எடுத்தார். வேட்பாளர் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணருகே கொண்டுபோய்க் கீழ் ஓரத்தைப் படித்தார். அச்சிட்டவர், வெளியிட்டவர், முகவரி.

"இது இல்லாட்டி கேசு, தெரியுமா? ஆறு மாசம் உள்ள வைக்கலாம். 127-ஏ."

தெரியாது என்றேன். ஆஃப்செட் அச்சகத்தில் ஆயுசு முழுக்க மிஷின்மேனாக இருந்தவர், சட்டப் பிரிவெல்லாம் தலைகீழ்ப் பாடம். தேர்தல் என்று இல்லை, எந்தப் புத்தகம் அடித்தாலும் பிரஸ் பேர் இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1867-லேயே சட்டம் போட்டிருந்தான் என்றார்.

"உங்க பேரு எதுலயாவது வந்துருக்காப்பா?"

"மிஷின்மேன் பேரு எதுக்கு வருது? மொதலாளி பேருதான் பிரஸ் பேரு. லேபிளுக்குப் படம் வரைஞ்சாரே ஆர்ட்டிஸ்ட், அவரு பேரே வராது. லட்சுமி வெடி லேபிள் உலகம் பூராம் போகுது. யாரு வரைஞ்சதுன்னு எவனுக்குத் தெரியும்?"

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினவர், சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் கையோடு எடுத்துவந்து என் மடியில் போட்டார். உதட்டைப் பார் என்றார். பார்த்தேன். சாதாரண உதடு.

"மஞ்ச ஒருவாட்டி, செவப்பு ஒருவாட்டி, நீலம், கறுப்பு. நாலு பிளேட்டு. நாலும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும். ஒரு முடியளவு நகந்தா முருகனுக்கு ரெண்டு உதடு. ரிஜிஸ்டர் சரியா இருந்தா எவனும் பாக்க மாட்டான், பாப்பா. அவுட்டானாத்தான் ஊரே பாக்கும்."

தாளின் நாலு மூலையிலும் சின்னக் கூட்டல் குறி இருக்கும், அதை வைத்துத்தான் பிளேட்டை உட்கார வைப்பார்களாம். கடைசியில் கட்டிங் மிஷினில் அந்த ஓரத்தையே வெட்டி எறிந்துவிடுவார்கள். குப்பைக்குப் போகும் அந்த ஓரத் தாள்களைக் கட்டித்தான் சின்ன வயதில் எனக்கு ரஃப் நோட்டு கொண்டுவருவார். கூட்டல் குறியைச் சுற்றிப் பூ போட்டு வைப்பேன். அது எதற்கு என்று அப்போது கேட்டதில்லை.

சாப்பிடும்போது, "ஒன் கேமு வருமா வராதா?" என்றார். வரும் என்றேன். அவ்வளவுதான் கேட்டார். அம்மா முட்டியைத் தடவிக்கொண்டே எனக்கு இன்னொரு தோசை போட்டாள்.

மே 8

நேற்று மைக்ரோசாஃப்ட் டேங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக அறிவித்தது, ஆர்க்கேன் ஆஸ்டினையும் சேர்த்து. டேங்கோ செய்த ஹை-ஃபை ரஷ் போன வருடம் ஜனவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து எல்லோரும் கொண்டாடிய கேம். அதில் ஒவ்வொரு அடியும் தாளத்தோடு விழும். பிந்தி அடித்தாலும் கேம் உன்னைத் தாளத்துக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பை அளந்து வைத்தவர் யாரோ இன்று வேலை தேடுகிறார். நன்றாகச் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. நாளெல்லாம் எரிச்சல். பால்காரரிடம்கூடச் சிடுசிடுத்தேன்.

மே 23

ர. வந்திருந்தான். உள்ளே இருக்கிறவன், பாவம், எதையும் சொல்லக்கூடாது, சொல்லாமல் சொன்னான். கிரெடிட்ஸ் பட்டியல் தயாராகிறதாம். போனவர்கள் பெயரைப் போடுவதா, 'சிறப்பு நன்றி' என்று கடைசியில் திணிப்பதா, விட்டுவிடுவதா என்று வெளியீட்டாளர் முடிவு செய்வாராம். கேட்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கம் வழிகாட்டி நெறிகள் எழுதி வைத்திருக்கிறது, மதிப்பதும் மதிக்காததும் அவரவர் இஷ்டம். 2022-இல் வந்த கலிஸ்டோ புரோட்டோகாலில் இடையில் விலகிய சுமார் இருபது பேர் பெயர் இல்லை என்று சண்டை நடந்தது.

அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். நோட்டீஸுக்கு இருக்கிற சட்டம் இதற்கு இல்லை.

அடாரி காலத்தில் இன்னும் மோசம், யார் பெயரும் கிடையாது. வாரன் ராபினெட் என்பவர் 'அட்வென்ச்சர்' கேமுக்குள் ஒரு ரகசிய அறையைக் கட்டி, அதில் தன் பெயரை எழுதி ஒளித்துவிட்டுக் கம்பெனியை விட்டே போய்விட்டார். ஒற்றைப் புள்ளி அளவில், பின்னணியோடு பின்னணியாகக் கலந்து தெரியாத சாம்பல் நிறத்தில் ஒரு பொருள். அதைக் கண்டுபிடித்துச் சுமந்துவந்தால்தான் அந்த அறைக்குள் போக முடியும். ஒரு சிறுவன் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியபோது கார்ட்ரிட்ஜ் உலகமெங்கும் விற்றாகிவிட்டது. இப்போது ஒளிக்க முடியாது. ஒவ்வொரு வரியையும் யார் எப்போது எழுதினார்கள் என்று பதிவாகிறது. பதிவாகிறது, ஆனால் பெயர் வராது. வேடிக்கைதான்.

ஏணியைச் சரிசெய்துவிட்டார்களா என்று ர.விடம் கேட்டேன். சிரித்தான். ஆறைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். புதிய லீடுக்குக் 'கறாரான' கன்ட்ரோல் பிடிக்குமாம், யாரோ சொன்னார்கள். கேட்காமல் காபி போட எழுந்துவிட்டேன்.

ஜூன் 7

இன்ஷூரன்ஸ் தனியாக எடுத்தேன். முட்டிக்குக் காத்திருப்புக் காலம் இரண்டு வருடம்.

ஜூன் 13, வியாழன்

ரம்மி கம்பெனி ஒன்று கூப்பிட்டது. பழைய சம்பளத்தைவிட அதிகம். இந்த நாட்டில் கேம் என்றால் ஆள் எடுக்கிற இடங்களில் இதுவும் ஒன்று. டெபாசிட் பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகும் எடுக்கிறார்கள். தமிழ்நாடு 2022-இல் தடைச் சட்டம் போட்டது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றுக்குத் தடை செல்லாது என்று போன நவம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இதில் தங்கச்சி கல்யாண நகையை விட்டவர். அவர் திறமை இல்லாத ஆள் என்று நான் நினைக்கவில்லை.

இன்டர்வியூவில் கேட்டது: தொடர்ந்து தோற்று, எழுந்து போகப் போகிறவரை இன்னொரு கை ஆட வைக்க என்ன செய்வீர்கள்?

நான் யோசிக்கவே இல்லை. பதில் தானாக வந்தது. அவர் கைச்சீட்டை விரித்துக் காட்டி, இந்த ஒரு சீட்டு மட்டும் வந்திருந்தால் ஜெயித்திருப்பீர்கள் என்று அதை ஒரு நொடி மின்ன விடலாம் என்றேன். எத்தனை நொடி என்று கேட்டார்கள். ஒன்றுக்கும் குறைவாக, பார்த்தோமா என்று தெரியக்கூடாத அளவுக்கு என்றேன். மூன்று பேரும் குறித்துக்கொண்டார்கள். சாயங்காலமே ஆஃபர் லெட்டர்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேச்சில்லை, லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அதுல பேரு போடுவாங்களா?"

"மாட்டாங்கப்பா. ஆப்புல யாரு பேரும் வராது."

"அப்ப நல்லதுதான்."

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா பின்னாலிருந்து, சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க, சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.