விடாத பிரேக்

வண்டியை நிறுத்துவதே பிரேக்கின் லட்சணம் என்று எல்லோரும் எண்ணுவது இயல்புதான். ஆனால், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் அடியில் படுத்துப் பழகியவர்களைக் கேட்டால், பிடிப்பதைக் காட்டிலும் பிடித்ததை முற்றிலும் விடுவதே அந்த யந்திரத்துக்குச் சிரமமான காரியம் என்பார்கள். பிடிப்பதற்கு ஓட்டுநரின் கால்பலமும் பிரேக் ஆயிலின் அழுத்தமும் துணை நிற்கின்றன. விடுவதற்கோ, டிரம்முக்குள் ஷூக்களை இழுத்து வைத்திருக்கும் ஸ்பிரிங்குகளைத் தவிர வேறு கதியில்லை. ஆகையால் துருவோ, காய்ந்த கிரீஸோ சிறிது குறுக்கிட்டாலும், பிரேக் பிடிக்குமே தவிர விடாது.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் உற்பத்தியான எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் 10 அங்குல டிரம்மும் உண்டு. பின்பிரேக் உரசும்போது, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வண்டி தானாக உருளாமல் தயங்கும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தினால் ஒரு பக்கத்து டிரம் மாத்திரம் அதிகமாகச் சுடும். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால், டிஃபரன்ஷியலின் இயல்பான கனம் கையில் தெரியும். அதைப் பிரேக்கின் குற்றமென்று கருதலாகாது.

உடனே டிரம்மைக் கழற்றிவிட வேண்டும் என்ற ஆவல் யாருக்கும் எழும். ஆனால் கழற்றும்போதே சாட்சியம் கலைந்துவிடுகிறபடியால், விசாரணை வெளியிலிருந்து தொடங்குவதே முறை. பின்பக்கம் முழுவதற்கும் ஒரே ரப்பர் ஹோஸ்தான்; அச்சை அடைந்த பிறகே குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஆகவே ஒரு சக்கரம் மாத்திரம் உரசினால் ஹோஸும் மாஸ்டர் சிலிண்டரும் பெரும்பாலும் நிரபராதிகள். இரண்டு பின்சக்கரங்களும் உரசினால், உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடாத ஹோஸின்மீதோ, அதிகமாக இறுக்கிய ஹேண்ட் பிரேக் கேபிளின்மீதோ சந்தேகம் விழும். நான்கும் உரசினால் மாஸ்டர் சிலிண்டரையும் பெடலின் தளர்வு இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்துவது. சக்கரம் விடுபட்டால், கேபிளிலோ, அச்சின்மீதுள்ள சமன்கோலிலோ, டிரம்முக்குள் இருக்கும் லீவரிலோ குற்றம் இருக்கிறது. விடுபடாவிட்டால், பெடலை ஒரு முறை அழுத்தி விட்டபின், அந்தச் சக்கரத்தில் பிரேக் ஆயிலை வெளிவிடும் நிப்பிளைத் திறக்க வேண்டும்; கொஞ்சம் ஆயில் பீறிட்டுச் சக்கரமும் இளகினால், அழுத்தம் எங்கோ சிறைப்பட்டிருந்தது என்பது நிர்ணயம். அதற்கும் இளகாவிட்டால்தான் டிரம்முக்குள் பார்க்கும் அவசியம் வருகிறது.

டிரம்மைக் கழற்றுமுன் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாமாகையால், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதே உசிதம். உள்ளே முதலில் சோதிக்க வேண்டியது வீல் சிலிண்டர். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது; வண்டி மாதக்கணக்கில் நின்றுவிட்டால் அந்த ஈரமே துருவாகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். பிஸ்டன் சுலபமாக நகருகிறது என்றால், ஷூவின் விளிம்பு உட்காரும் பின்தட்டின் மேடுகளில் விரலை ஓட்டிப் பார்க்கலாம். வெகுகால உபயோகத்தால் அங்கே விழுந்த பள்ளத்தில் ஷூ சிக்கிக்கொண்டு, ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் திரும்பாமல் நிற்பதுண்டு. பள்ளத்தைச் சமப்படுத்தி, உஷ்ணம் தாங்கும் கிரீஸைச் சிறிதளவே தடவினால், அது தீரும்.

கடைசியாகச் சீர்செய்யும் வரிசை. கேபிள் தளர்ந்திருக்கும்போதே, அட்ஜஸ்டரின் சதுரத் தலையைச் சக்கரம் பூட்டும் வரை திருகி, பிறகு அது தடையின்றிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். அதற்கப்புறமே கேபிளுக்கு வர வேண்டும். இந்த வரிசையை மாற்றி, லைனிங் தேய்ந்ததன் விளைவைக் கேபிளை இழுத்துக் கட்டி மறைக்கப் பார்ப்பவர், ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதென்று மகிழ்ந்துகொண்டே, விடாத பிரேக்கை விலை கொடுத்து வாங்குகிறார்.