எண்ணெய்க் கத்தரிக்காய், புளி தூக்கலாக

ஜூன் 3
தங்கச்சி மகள் ஆம்பூரிலிருந்து பெட்டியோடு பெங்களூருக்கு வந்து இறங்கிவிட்டாள். ஷூ கம்பெனியில் ஆட்குறைப்பு. அவள் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு பெரிய ரெஸ்டாரெண்டில் ஆர்டர் எடுக்கும் வேலைக்கு இவளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். இன்டர்வியூ முழுக்க இங்கிலீஷ். பிள்ளை படித்ததோ தமிழ் மீடியம். ராத்திரி தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

ஜூன் 4
இன்டர்வியூவுக்கு ஒத்திகை. சாப்பாட்டு நேரத்தில் நான் கஸ்டமர், அவள் பரிமாறுகிறவள். பழைய காலண்டர் அட்டைதான் மெனு. “குட் ஈவ்னிங் மேடம், ஆர் யூ ரெடி டு ஆர்டர்?” என்று நிமிர்ந்து நிற்கிறாள். நான் “ஐ வான்ட் தோசை” என்றேன். புரியும், ஆனால் அங்கே வருகிறவர்கள் “ஐ வில் ஹேவ் த தோசை, ப்ளீஸ்” என்பார்களாம். சிலர் “குட் ஐ கெட்” என்று ஆரம்பிப்பார்கள். எது நல்லாயிருக்கும் என்று கேட்க “வாட் டூ யூ ரெகமண்ட்?”, கிளம்பும்போது “குட் வி ஹேவ் த பில், ப்ளீஸ்?” எப்படிக் கேட்டாலும் இவள் காதில் விழுந்ததும் புரிய வேண்டும். பிறகு கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும்.

“டூ யூ ஹேவ் எனி அலர்ஜீஸ்?” மட்டும் அவளுக்கு நாக்கில் புரளவே இல்லை. அதைத்தான் பலமுறை சொல்லவைத்தேன். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவருக்குத் தெரியாமல் பரிமாறினால் உயிருக்கே ஆபத்து. மற்றதில் தடுமாறினாலும் பரவாயில்லை.

ஜூன் 5
மழை. அவள் அழுதாள். ஒத்திகை இல்லை.

ஜூன் 11
சம்பிகே ரோடு வரை நடந்தோம். மந்திரி மால் கட்டடத்தைக் காட்டி, இங்கேதான் ராஜா மில் இருந்தது, உன் தாத்தா ஷிப்டுக்குப் போன இடம் என்றேன். நம்பாமல் பார்த்தாள்.

ஒரு தர்ஷினிக்குள் போனோம். 1983இல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் கஃபே தர்ஷினி என்று தொடங்கிய முறை, இன்று ஊரெங்கும் இருக்கிறது. முதலில் காசு, கையில் சீட்டு, அதைக் கவுண்டரில் நீட்டினால் தட்டு வந்துவிடும், நின்றபடியே சாப்பாடு. “ஒந்து இட்லி வடே, சாம்பார் டிப்” என்று கன்னடத்தில் சொன்னேன். அப்புறம் ஒரு பை டூ காபி, ஒன்றை இரண்டாகப் பிரித்து. பக்கத்தில் டை கட்டியவர், அந்தப் பக்கம் மூட்டை தூக்குகிறவர். யாரும் யாரையும் என்ன பாஷை என்று கேட்கவில்லை. எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஜூன் 12
இன்றும் ஒத்திகை. “வாட் உட் யூ லைக், மேடம்?”
“ஏதாவது கொடு.”
“ஏதாவதுன்னு எழுத முடியாது பெரியம்மா. உங்களுக்கு என்ன வேணும்?”
“இருக்கிறது போதும்டி.”
“அதுவும் ஆர்டர் இல்ல.”
பேனாவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். எனக்குச் சட்டென்று ஒன்றுமே தோன்றவில்லை. இந்த வீட்டில் யாருக்கு எது பிடிக்கும் என்று வரிசையாகச் சொல்வேன். கடைசியில், ஆம்பூரில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தருவார்களே, அந்த எண்ணெய்க் கத்தரிக்காய், புளி தூக்கலாக, என்றேன். எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னாள்.

ஜூன் 13
கத்தரிக்காய் செய்திருந்தாள். உப்பு கொஞ்சம் கம்மி. முழுக்க நானே சாப்பிட்டேன்.

ஜூன் 20
இன்டர்வியூ முடிந்தது. இங்கிலீஷில் நன்றாகவே பேசினாளாம். அப்புறம் “ஹிந்தி வருமா?” என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கன்னடம் தெரியுமா என்று கேட்டிருந்தால்கூட நியாயம் என்பேன்; அதையும் கற்றுக்கொடுத்திருப்பேன்.

ஜூன் 26
போன் வரவில்லை. யஷ்வந்த்பூர் பக்கம் இன்னொரு ஓட்டலில் காலை டிபனுக்கு ஆள் எடுக்கிறார்களாம். அங்கே முட்டை எப்படி வேண்டும் என்று கேட்கத் தெரிய வேண்டும்: பாய்ல்ட், ஸ்க்ராம்பிள்ட், ஆம்லெட், சன்னி சைட் அப். கடைசியில் சொன்னது நம்ம ஆஃப் பாயில்தான். இன்றைக்கு ராத்திரி அதைத்தான் கேட்கப்போகிறேன், மிளகுத்தூள் நிறையப் போட்டு.