கேட்காமல் விட்ட கேள்வி

நம்மில் பலர் ஏதேனும் ஒரு குழுவில் உறுப்பினராக இருக்கிறோம். பள்ளி நிர்வாகக் குழு, கூட்டுறவுப் பண்டகசாலை, பங்குப் பேரவை, குடியிருப்போர் சங்கம் என்று எத்தனையோ. குறித்த நாளில் கூடி, தேநீர் அருந்தி, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஏற்று, வரவுசெலவைப் படிக்கக் கேட்டு, கையொப்பமிட்டு வீடு திரும்புகிறோம். அந்தக் கையொப்பத்துக்கு என்ன பொருள் என்று அண்மைக் காலமாக நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். அவ்வாறு எண்ணத் தூண்டியவை, அமெரிக்க விமானக் கம்பெனியான போயிங்கின் இயக்குநர் குழுவைப் பற்றி நான் படித்த செய்திகளே.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் சில நிமிடங்களில் ஜாவாக் கடலில் வீழ்ந்தது. 189 பேர் மாண்டனர். ஐந்து மாதம் நிறையுமுன், 2019 மார்ச் 10-ஆம் நாள், எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபி நோக்கிப் பறந்த மற்றொரு விமானம் தரையில் மோதி, அதிலிருந்த 157 பேரும் மாண்டனர். அமெரிக்கக் கத்தோலிக்கரின் துயர்துடைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த எத்தியோப்பிய ஊழியர் நால்வரும் அவர்களுள் இருந்தனர். இரண்டும் போயிங் 737 மாக்ஸ் வகையைச் சேர்ந்தவை. இரண்டும் பறக்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆனவை.

விபத்தின் மூலத்தை எளிய சொற்களில் கூறலாம். இவ்வகை விமானத்தில் முன்னைய வகையைவிடப் பெரிய எஞ்சின்களைப் பொருத்தினர். அவற்றை முன்னே தள்ளி, சற்று உயர்த்தி வைக்க வேண்டியதாயிற்று. அதனால் சில வேளைகளில் விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி மேலே எழக்கூடும். அதைச் சரிசெய்ய, மூக்கைத் தானாகவே கீழே அழுத்தும் கணிப்பொறி ஏற்பாடு ஒன்றை அமைத்தனர்; ‘எம்காஸ்’ என்பது அதன் பெயர். விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் கருவிகள் மூக்கின் இருபுறமும் இருந்தும், இந்த ஏற்பாடு ஒரு கருவியின் அளவை மட்டுமே நம்பியது. அது பொய்யான அளவைத் தந்தபோது, விமானம் மீண்டும் மீண்டும் தலை கவிழ்ந்தது. முதல் விபத்து நிகழும்வரை, இப்படி ஒன்று இருப்பது விமானிகளின் கையேட்டில் விளக்கப்படவே இல்லை. புதிய விமானத்துக்குத் தனிப் பயிற்சி தேவைப்படாது என்பது விற்பனைக்குரிய பெருமையாக இருந்தது. தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்குப் பத்து இலட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக வாடிக்கைக் கம்பெனி ஒன்றுக்கு வாக்களித்தும் இருந்தனர்.

இது பொறியாளரின் பிழை என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் அவர்களுக்கெல்லாம் மேலே ஓர் இயக்குநர் குழு இருந்தது. அதில் அமர்ந்திருந்தோர் உலகம் அறியாதவர் அல்லர். பெருங்கம்பெனிகளை நடத்தியவர்களும், ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதியும், முன்னாள் தூதரும் இருந்தனர். நிதிக்கும் ஊதியத்துக்கும் தணிக்கைக்கும் துணைக்குழுக்கள் இருந்தன. விமானத்தின் பாதுகாப்புக்கென்று ஒரு துணைக்குழு இல்லை. முதல் விபத்துக்குப் பின் அவர்கள் அதுபற்றித் தொலைபேசியில் கலந்து பேசியது நவம்பர் 23-ஆம் நாள். விருப்பமுள்ளோர் கலந்துகொள்ளலாம் என்ற அழைப்பு அது. டிசம்பர் 17-ஆம் நாள், பங்குதாரருக்குரிய இலாப ஈவை 20 விழுக்காடு உயர்த்தினர். கம்பெனியின் பங்குகளைத் திரும்ப வாங்க 2,000 கோடி டாலர் வரை ஒப்புதல் அளித்தனர். லயன் ஏர் விமானிகளின் பேச்சைப் பதிந்த பெட்டி அன்று கடலடியில் கிடந்தது. மறு ஆண்டு ஜனவரியில்தான் அது கிடைத்தது.

எச்சரித்தவர் எவரும் இலரோ எனில், இருந்தார். இவ்விமானங்கள் உருவாகும் ரென்டன் தொழிற்சாலையில் மூத்த மேலாளராயிருந்த எட் பியர்சன், முதல் விபத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே மேலதிகாரிக்கு எழுதினார். தொழிலாளர் களைத்துப் போயுள்ளனர், அவசரத்தில் தரம் கெடுகிறது, உற்பத்தியைச் சிறிது நிறுத்துங்கள் என்று வேண்டினார். தம் குடும்பத்தைப் போயிங் விமானத்தில் ஏற்ற வாழ்வில் முதன்முறையாகத் தயங்குவதாகவும் குறிப்பிட்டார். பயன் விளையாமையால், 2019 பிப்ரவரியில் இயக்குநர் குழுவுக்கே மடல் விடுத்தார். மறுமாதம் இரண்டாம் விமானம் வீழ்ந்தது.

தொழிற்சாலையின் அவசரத்துக்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டா என்பது தனியே ஆராயத்தக்கது. என் உள்ளத்தைத் தைத்தது, ‘குடும்பம்’ என்னும் அந்த ஒரு சொல். உற்பத்திக் கணக்கையெல்லாம் அறிந்த மனிதர், இறுதியில் தம் மனைவி மக்களை வைத்தே எடை போட்டார். நம் பிள்ளையை இதில் அனுப்புவோமா? அந்தப் பெரிய மேசையில் முதலில் வைக்கத்தக்க கேள்வி அதுவே அன்றோ!

பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த பள்ளிக் குழு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பட்டியலில் கட்டணப் பாக்கி முதலாவதாகவும், ஆண்டு விழா இரண்டாவதாகவும் நிற்கும். சிறுவர் வகுப்பின் கூரையில் ஓடு சரிந்திருப்பது, கடைசியாகப் ‘பிற’ என்னும் தலைப்பில் வரும். அதற்குள் மணி எட்டாகிவிடும். கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் பாதிப் பேர் எழுந்துவிடுவர். ஒருநாள், குழுவிலிருந்த செவிலி அம்மையார் ஒருவர் கூட்டம் தொடங்கியதுமே எழுந்து, “ஐயா, முதலில் அந்த வகுப்பில் போய் நின்று பார்ப்போம், கணக்கை வந்து படிக்கலாம்” என்றார். எல்லோரும் சென்றோம். கூரையை அண்ணாந்து பார்த்தபின் எவரும் விவாதிக்கவில்லை. அவ்வாரமே தச்சர் வந்தார். தீமை நினைத்தவர் அக்குழுவில் ஒருவரும் இல்லை. பார்க்க வேண்டியது பட்டியலின் அடியில் கிடந்தது, அவ்வளவே.

போயிங் இயக்குநர்கள் மீது, பங்குதாரர் என்ற முறையில், நியூயார்க் மாநில ஓய்வூதிய நிதியின் சார்பிலும் கொலராடோ தீயணைப்போர், காவலர் ஓய்வூதியச் சங்கத்தின் சார்பிலும் வழக்குத் தொடுக்கப்பட்டது. விமானம் செய்யும் கம்பெனிக்குப் பாதுகாப்பே உயிர்நாடி. அதைக் கண்காணிக்க இயக்குநர் குழு ஏற்பாடே செய்யவில்லை என்னும் குற்றச்சாட்டு விசாரணைக்குரியதே என்று, 2021 செப்டம்பர் 7-ஆம் நாள் டெலவேர் மாநில நீதிமன்றம் முடிவு கூறியது. அவ்வாண்டு நவம்பரில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 23.75 கோடி டாலருக்குச் சமரசம் கண்டனர். அத்தொகையைச் செலுத்தியவை காப்பீட்டுக் கம்பெனிகள். 2019 டிசம்பரில் பதவி நீக்கப்பட்ட தலைமை அதிகாரி டென்னிஸ் மியூலன்பர்க், ஏறத்தாழ 6.2 கோடி டாலர் பயனுடன் வெளியேறினார்.

2019-லேயே இயக்குநர் குழு பாதுகாப்புக்கெனத் துணைக்குழு ஒன்றை நிறுவியிருந்தது. ஆயினும் 2024 ஜனவரி 5-ஆம் நாள், போர்ட்லண்ட் நகரிலிருந்து எழும்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மாக்ஸ் விமானத்தில், கதவுக்குரிய இடத்தை மூடியிருந்த பலகை நடுவானில் பிய்ந்து பறந்தது. அதைப் பிணிக்கும் நான்கு மரையாணிகளும் தொழிற்சாலையில் மீண்டும் பூட்டப்படாமலே விடப்பட்டிருந்தன. எவரும் மாளாதது பெரும்பேறு. மறுமாதம் வெளிவந்த வல்லுநர் குழுவின் அறிக்கை, பாதுகாப்பைப் பற்றி மேலிடம் எண்ணுவதற்கும் பணியாளர் உணர்வதற்கும் இடையே பிளவு உள்ளது என்று கூறிற்று. குறைகளை எடுத்துச் சொன்னால் பழிவாங்கப்படலாம் என்னும் அச்சத்தையும் அது சுட்டியது. குழுவுக்குப் பெயர் சூட்டுவது ஒருநாள் வேலை. ஆணியை முடுக்குபவர் அச்சமின்றிப் பேசுமாறு செய்வது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை.

அன்பு வாசகர்களே, நம் பொறுப்பில் விமானங்கள் இல்லை. பள்ளிப் பேருந்தின் பிரேக்கு உண்டு; சத்துணவுக் கூடத்தின் அடுப்பு உண்டு; திருவிழாப் பந்தலின் மின்கம்பி உண்டு. அடுத்த கூட்டத்தில் கணக்கைப் படிக்குமுன், அந்த ஓட்டுநரை, சமையற்காரரை, மின்பணியாளரை அழைத்து நாற்காலியிட்டு அமரச் செய்வோம். உங்கள் பிள்ளையை இங்கே தயங்காமல் விடுவீர்களா என்று கேட்போம். அவர் ஒரு கணம் தயங்கினாலும், கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அவர் காட்டும் இடத்துக்கு எழுந்து செல்வோம்.