எழுத்தால் கட்டிய ஊர்

சைக்கிளில் ஊர் சுற்றாத மனிதர் உண்டோ? ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகராத சைக்கிளை மிதித்தே ஒரு நகரம் முழுவதும் சுற்றி வரலாம் என்றால் நேயர்கள் சிரிப்பீர்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன்.

ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜெஃப்ரி ஷாவும், டச்சுக்காரரான டிர்க் குரூனவெல்டும் 1989-ல் செய்த கலைப் படைப்பு அது. சைக்கிளை மிதித்தால் எதிரே பெரிய திரையில் தெரு நகர்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் தெருவும் திரும்புகிறது. தெருவின் இரு மருங்கிலும் வீடுகள் இல்லை. கட்டிடங்களைப்போல நிமிர்ந்து நிற்பவை எழுத்துக்கள்! நேரே போனால் வாக்கியம் தொடரும். சந்தில் திரும்பினால் வேறு கதை. முதலில் நியூயார்க்கின் மன்ஹாட்டன், பிறகு ஆம்ஸ்டர்டாம், 1991-ல் ஜெர்மனியிலுள்ள கார்ல்ஸ்ரூ என்று மூன்று ஊர்களை இப்படிக் கட்டினார்கள். மன்ஹாட்டனில் டாக்சி டிரைவர், மோசடிக்காரன் என்று பலர் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் பேச்சுக்கும் ஒரு நிறம்.

நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்காதா? வாசகரின் கையைப் பிடித்து முதல் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை அழைத்துப் போவது என் தொழில். இங்கேயோ வாசகர் தம் இஷ்டத்துக்குச் சந்தில் திரும்பிவிடுகிறார்.

அந்தக் கார்ல்ஸ்ரூவில்தான் என் அக்கா மகள் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, அவளும் ஒரு ஜெர்மன் பையனும், சிரியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் சேர்ந்து இதே போன்ற முயற்சியில் ஈடுபட்டிருந்தார்கள். மேஜை அகலத் திரையில் ஊரின் படம். எந்தத் தெருவைத் தொடுகிறோமோ அந்தத் தெரு தன் கதையைச் சொல்லும்.

1715-ல் கார்ல் வில்ஹெல்ம் என்ற சிற்றரசர் அமைத்த ஊர் அது. அரண்மனைக் கோபுரத்திலிருந்து 32 பாதைகள் கதிர்களாகப் பிரிகின்றன. தெற்கே போகிறவை விசிறிபோல நகரமாக விரிகின்றன. மரத்தடியில் தூங்கிய அரசர் கனவில் கண்ட ஊராம்! உள்ளூர்ப் பையன் அந்தக் கதையைக் கோபுரத்தில் வைத்தான்.

சிரியாப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: “இந்த ஊரைவிட்டுப் போனவர்கள் யார்?” சொந்த ஊரை இழந்தவளுக்கல்லவா அப்படிக் கேட்கத் தோன்றும்!

தேடினார்கள். குரோனன் தெருவில் யூதர்களின் தொழுகைக் கூடம் இருந்தது. 1938 நவம்பரில் அதற்குத் தீ வைத்தார்கள். 1940 அக்டோபர் 22-ந் தேதி இந்த ஊர் உட்பட அந்தப் பிராந்தியத்து யூதர்கள் சுமார் 6,500 பேரை ரயிலேற்றி, பிரான்சின் தென்கோடியிலுள்ள கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள்.

இதையும் படத்தில் சேர்த்தாயிற்று. அதன் பிறகுதான் சண்டை. வருகிறவர்கள் கோபுரத்தைத் தொட்டுக் கனவுக் கதையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்களே! அந்தத் தெருவைத் தொடாமல் யாரும் மேலே போக முடியாதபடி செய்ய வேண்டும் என்றான் பையன்.

“கட்டாயப்படுத்தினா அது பள்ளிக்கூடப் பாடமாயிடும். நீங்க கதை எழுதறவர், சொல்லுங்க மாமா” என்றாள் என் மருமகள்.

“கதையில் நான் பக்கத்தைப் புரட்ட வைப்பேன் அம்மா. விரலை எங்கே வைப்பது என்று சொல்ல எனக்கு வழி தெரியாது” என்றேன்.

வழி கண்டது சிரியாப் பெண்தான். குரோனன் தெருவும் கோபுரத்துக் கதிர்களில் ஒன்று. கோபுரத்தைத் தொட்டதும் எல்லாத் தெருக்களும் ஒவ்வொன்றாக வெளிச்சமாகும். அந்த ஒன்று மட்டும் இருட்டாகவே நிற்கும். விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது.

காட்சி திறந்த அன்று நான் சென்னைக்குத் திரும்பியிருந்தேன். அக்கா மகள் போனில் சொன்னாள். பலர் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்களாம். ஒரு சிறுவன் மட்டும் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்து, “இந்தத் தெருவில் மட்டும் ஏன் விளக்கு எரியவில்லை?” என்று கேட்டானாம்.

“தொட்டுப் பார்” என்றானாம் அந்த ஊர்ப் பையன்.